விளைஞ்சதா, பழுத்ததா?

போன வருஷம் வைகாசியில் திண்டுக்கல் பக்கத்து நத்தத்திலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. மாமா பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார். பிரித்தால் வைக்கோலுக்கு நடுவே 12 இமாம்பசந்த் மாங்காய். அவர் குத்தகைக்கு எடுக்கிற தோப்பில் அந்த ஜாதி நாலே மரம்தான். அதனால் அந்தப் பெட்டிக்கு எங்கள் வீட்டில் எப்போதும் தனி மரியாதை. பத்தை அக்கம்பக்கத்துக்கும் நாத்தனார் வீட்டுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, எனக்கென்று இரண்டை எடுத்துச் சமையலறை அலமாரியில் வைத்தேன்.

காலையில் காபி போடும்போது பார்ப்பேன். பச்சையாக இருக்கும். ராத்திரி அடுப்பைத் துடைக்கும்போது பார்ப்பேன். பச்சையாகவே இருக்கும். இன்னும் இரண்டு நாள் ஆகட்டும், மஞ்சள் ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். பதினோராம் நாள் பொறுமையில்லாமல் ஒன்றை அறுத்தேன். கொட்டையைச் சுற்றிப் பழுப்பாகி, சதை கூழாகி, புளித்த கள் மாதிரி வாடை அடித்தது. இரண்டாவதும் அப்படியே. தோல் மட்டும் கடைசிவரை பச்சை.

போனில் மாமாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "இமாம்பசந்த் எங்க ஆத்தா மஞ்சளாகும்? அது பச்சையிலேயே பழுக்கிற சாமானுல்ல. காம்படியில மோந்து பாக்கலையா நீ?" என்றார். நான் மோந்து பார்க்கவில்லை. கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்று நான்கு மாசம் மரத்தில் நின்று, காற்றையும் கோடை மழையையும் தாக்குப்பிடித்து வந்த காய், நான் தினமும் இரண்டு வேளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீணாய்ப் போயிருக்கிறது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. சின்ன வயசில் கோடை லீவு முழுக்க அந்தத் தோப்பிலேயே கிடந்தவள் நான். தெரிந்திருக்க வேண்டியது மறந்துபோயிருக்கிறது. அதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு.

கடையில் நாம் எல்லோரும் கேட்கிற கேள்வி, "பழுத்திருக்கா?" மாமா அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் கேட்பது, "விளைஞ்சிருக்கா?" இந்த இரண்டும் ஒன்றில்லை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. விளைச்சல் மரத்தில் நடப்பது. பழுப்பது மரத்திலும் நடக்கலாம், வைக்கோலிலும் நடக்கலாம், அரிசிப் பானைக்குள்ளும் நடக்கலாம். மரத்தில் இருக்கும்வரைதான் இலை செய்கிற சர்க்கரை காம்பு வழியாகக் காய்க்குள் இறங்கும். மாங்காய் அதை மாவுச்சத்தாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பறித்த பிறகு நடப்பதெல்லாம் அந்த மாவு இனிப்பாக மாறுவதும், சதை இளகுவதும், புளிப்பு அடங்குவதும், வாசனை கிளம்புவதும்தான். சேமிப்பே இல்லாத காயைப் பறித்து வந்து எத்தனை நாள் எதில் வைத்தாலும் மாறுவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. தோல் மட்டும் மஞ்சளாகும். அதற்கு ஊரில் பெயர் வெம்பல். வெம்பிப் போன பழத்தைக் கடித்தவர்களுக்குத் தெரியும்: முதலில் சப்பென்று இருக்கும், பிறகு ஒரு வெற்றுப் புளிப்பு, கொட்டைப் பக்கம் வந்தால் வெள்ளை வெளேரென்று காயின் சதை.

விளைஞ்ச காயை மாமா எப்படிக் கண்டுபிடிப்பார் என்பது எனக்குப் படம் மாதிரி நினைவிருக்கிறது. காயைப் பறிக்காமல், கிளையோடு உள்ளங்கையில் ஏந்துவார். முதலில் பார்ப்பது தோள். மாங்காய்க்குத் தோள் உண்டு. இளங்காயாக இருக்கும்போது காம்பிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து, கூம்பின தோளாக இருக்கும். விளைய விளையத் தோள் எழும்பி, காம்பு இருக்கும் மட்டத்தையும் தாண்டி உயர்ந்து, காம்பு ஒரு குழிக்குள் நிற்பது போல ஆகிவிடும். அடுத்து கன்னம். கட்டைவிரலால் கன்னத்தைத் தடவுவார், அமுக்க மாட்டார். பக்கவாட்டில் தட்டையாக இருந்த காய் உருண்டு புடைத்திருக்க வேண்டும். பிறகு தோலைச் சாய்த்து வெயிலில் பார்ப்பார். தோலில் இருக்கிற சின்னப் புள்ளிகள் தெளிவாக எழுந்து நிற்கும், தோல்மேல் சாம்பல் பூத்தது போல ஒரு மங்கல் இருக்கும். இவ்வளவும் ஒத்து வந்தால்தான் தொரட்டிக்குச் சொல்வார்.

சந்தேகமான காய்க்கு ஒரு வாளித் தண்ணீர். "முங்கினா விளைஞ்சது, மெதந்தா பிஞ்சு." நாங்கள் சின்னப் பிள்ளைகள் இதை விளையாட்டாகச் செய்வோம். காய்க்குள் மாவும் சர்க்கரையும் சேரச் சேர அது தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமாகிவிடுகிறது, அதனால் அடியில் போய் உட்காருகிறது. பள்ளிக்கூடத்தில் அடர்த்தி என்று ஒரு பாடம் வந்தபோது எனக்கு அந்த வாளிதான் ஞாபகம் வந்தது.

தோப்பு மொத்தத்துக்கும் ஒரு அடையாளம் உண்டு. ஒரு மரத்தில் யாரும் தொடாமல், காற்றடிக்காமல், இரண்டு மூன்று பழம் தானாக விழுந்துவிட்டால் அந்த மரம் விளைந்துவிட்டது. மிச்சக் காய் பச்சையாக இருந்தாலும் பறிக்கலாம். காவல் குடிசையில் படுத்திருக்கும்போது ராத்திரியில் சருகின்மேல் பொத்தென்று ஒரு சத்தம் வரும். மாமா எழுந்து டார்ச் அடித்து எந்த மரம் என்று பார்த்துக்கொண்டு வந்து மறுபடி படுத்துக்கொள்வார்.

பறிப்பதிலும் ஒரு கவனம் இருக்கிறது. தொரட்டிக் கம்பின் நுனியில் வலைப்பை கட்டி, காய் தரையில் விழாமல் இறக்குவார்கள். காம்பை ஒட்ட ஒடித்தால் மாம்பால் பீச்சி அடிக்கும். அது காயின் தோலில் பட்டால் அந்த இடம் வெந்து கருத்துவிடும். நம் உதட்டில் பட்டாலும் புண்தான். அதனால் காம்பு ஒரு விரற்கடை நீளம் இருக்கும்படி பறித்து, நிழலில் வந்து காம்பை நறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்துப் பால் வடிய விடுவார்கள். பழத்தைத் தின்பதற்கு முன் தண்ணீரில் ஊறப்போடு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில், காம்படியில் மிச்சம் ஒட்டியிருக்கிற இந்தப் பாலைக் கழுவும் காரியமும் அடங்கியிருக்கிறது.

அப்புறம் வைக்கோல் அறை. மண் சுவர், ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதையும் சாக்கால் மூடியிருப்பார்கள். ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு காய். முதல் இரண்டு நாள் உள்ளே வைக்கோல் வாசனை மட்டும்தான் அடிக்கும். மூன்றாம் நாள் நாலாம் நாள் கதவைத் திறந்தால் ஒரு வெதுவெதுப்பு முகத்தில் அடிக்கும், அதோடு லேசாக ஒரு இனிப்பு. ஐந்தாம் நாளுக்கு மேல் வீதியில் போகிறவர்களுக்கே தெரிந்துவிடும். தினமும் ஒருமுறை கையை விட்டுத் துழாவி, காம்படி கருத்ததை, நீர்விட்டதை எடுத்துப்போட வேண்டும். அழுகல் பெரும்பாலும் காம்பிலிருந்துதான் தொடங்கும். மாம்பழத்தைப் பொறுத்தவரை வாசனை முதலில் வருவதும் அங்கேதான். பழத்தின் கன்னத்தில் மோந்து பார்த்து ஒன்றும் தெரியாது. காம்பு இருந்த குழியில் மூக்கை வைக்க வேண்டும்.

வைக்கோல் சும்மா சூட்டுக்காக என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சூடு பாதிதான். பழுக்கத் தொடங்கும் காய் தானே எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. அந்த வாயு பட்டால் பக்கத்துக் காயும் பழுக்கத் தொடங்கும், அதுவும் வாயு விடும், அது இன்னொன்றைத் தொடும். வைக்கோலும் அரிசிப் பானையும் செய்வது அந்த வாயுவைக் கலைந்து போகாமல் பிடித்து வைப்பதுதான். செடிகள்மேல் எத்திலீன் வேலை செய்கிறது என்பதை 1901-ல் ரஷ்யாவில் நெல்ஜுபோவ் என்ற விஞ்ஞானி விளக்கெரிக்கும் வாயு பட்டு, நிமிராமல் குறுக்காக வளர்ந்த பட்டாணி நாற்றுகளை வைத்துக் கண்டுபிடித்தார். பழமே அதை உண்டாக்குகிறது என்பதை 1934-ல் இங்கிலாந்தில் ரிச்சர்டு கேன் ஆப்பிளை வைத்து நிரூபித்தார். இந்தப் பெயர் எதுவும் தெரியாத என் அம்மாச்சி, பழுக்காத காயோடு நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்றைச் சேர்த்துத் துணியில் கட்டி வைப்பாள். காரணம் கேட்டால் "தனியா இருந்தா பழுக்காதுடி, தொணை வேணும்" என்பாள்.

எல்லாப் பழத்துக்கும் இந்தத் துணை உதவாது. மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, பலா, சீத்தா இவையெல்லாம் பறித்த பிறகும் பழுக்கிற ஜாதி. திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, அன்னாசி அப்படி இல்லை. கொடியைவிட்டும் செடியைவிட்டும் எடுத்த அன்றைக்கு என்ன இனிப்போ அதுதான் கடைசிவரை. புளிப்பான திராட்சையை வாங்கி வந்து இரண்டு நாள் வைத்தால் இனித்துவிடும் என்று காத்திருந்து பயனில்லை, வாடித்தான் போகும். கடையில் ஒன்றைக் கேட்டு வாங்கி வாயில் போட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இப்போது நான் ரொம்ப ஆதங்கப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் பங்குனி கடைசியில், சித்திரைக் கனி வைப்பதற்காக எங்கள் பகுதியில் ஒரு பழக்கடையில் இரண்டு கிலோ மாம்பழம் வாங்கினேன். எலுமிச்சை மாதிரி ஒரே சீரான மஞ்சள். ஒரு புள்ளி இல்லை, ஒரு பச்சைக் கீற்று இல்லை. வருஷப் பிறப்பன்று தட்டில் வைத்தபோது பார்க்க அவ்வளவு அழகு. மறுநாள் அறுத்தபோது கத்தி கறக் கறக்கென்று போனது. உள்ளே பாதி வெள்ளை. என் பெண் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள். அவளுக்கு அந்த வருஷத்தின் முதல் மாம்பழம் அதுதான்.

அதை மாமாவிடம் சொன்னபோது அவர் கடைக்காரரைத் திட்டவில்லை. கணக்கைச் சொன்னார். சீசன் தொடக்கத்தில் வரத்து குறைவு, அதனால் விலை உச்சத்தில் இருக்கும். பத்து நாள் தாண்டினால் எல்லாத் தோப்பும் இறங்கும், விலை பாதிக்கு வந்துவிடும். குத்தகைக்காரர் கடன் வாங்கித்தான் தோப்பு எடுத்திருப்பார், வட்டி ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு சூறைக்காற்று அடித்தால் மொத்தமும் தரையில். "காத்து எப்ப வரும்னு எவனுக்குத் தெரியும்? பயம் பறிக்க வைக்குது தாயி" என்றார். இதைக் கேட்ட பிறகு யார்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் ஒரு பெருத்த வருத்தம் வந்தது. இன்னும் 15 நாள் மரத்தில் நின்றிருந்தால் அது ஒரு நல்ல பழம்.

அப்படி அவசரமாகப் பறித்ததை மஞ்சளாக்கத்தான் கார்பைடு கல். ஈரம் பட்டால் அது அசிட்டிலீன் வாயுவை விடும். எத்திலீன் செய்கிற வேலையை அரைகுறையாகச் செய்து தோலின் பச்சையைப் போக்கிவிடும். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011-ம் வருஷ விதிகள் அதை அடியோடு தடை செய்கின்றன. அதற்கு முன் இருந்த கலப்படத் தடை விதிகளிலும் தடை உண்டு. எத்திலீன் வாயுவை மூடிய அறையில் அளவோடு, 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை, பயன்படுத்த அனுமதி இருக்கிறது. ஆகவே அறையில் வைத்துப் பழுக்க வைத்தது என்றாலே விஷம் என்று அலற வேண்டியதில்லை. அது அம்மாச்சியின் துணிமூட்டை கொஞ்சம் பெரிதானது, அவ்வளவுதான். ஆனால் அந்த அறைக்குள்ளும் பிஞ்சைப் போட்டால் வெளியே வருவது மஞ்சள் பிஞ்சு. வாயு இனிப்பைக் கொண்டுவந்து கொடுக்காது. அதனால்தான் கார்பைடா இல்லையா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது போதாது, விளைஞ்சதா என்று கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தோள் எழும்பாத, காம்படியில் வாசனையில்லாத மஞ்சள் மாம்பழத்தை இப்போது நான் வாங்குவதில்லை. சித்திரைக் கனிக்கு எலுமிச்சையும் வாழையும் வைத்துக்கொள்கிறேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

நிறம் எவ்வளவு பொய் சொல்லும் என்பதற்கு மாம்பழத்திலேயே இரண்டு முனை இருக்கிறது. இமாம்பசந்த் பழுத்தும் பச்சை. செந்தூரம் காயாக இருக்கும்போதே வெயில் பட்ட பக்கம் சிவந்துவிடும். அந்தச் சிவப்பை நம்பி வாங்கினால் பல் கூசும். வாழையில் இன்னும் வேடிக்கை. செவ்வாழை பிஞ்சிலேயே சிவப்பு. ரஸ்தாளியில் கறுப்புப் புள்ளி விழுந்து, சீப்பைத் தூக்கினால் பழம் கழன்று கையோடு வரும் நேரம்தான் ருசி. நேந்திரம் தோல் கறுத்தால்தான் உச்சம். தோலைப் பார்த்துக் கெட்டுப்போச்சு என்று சொல்கிற வீட்டில் நேந்திரத்தை வாங்கக்கூடாது. நம் பச்சை வாழைப்பழம், அதுதான் மோரிஸ் என்று கடையில் சொல்வது, நம் ஊர் வெக்கையில் உள்ளே நன்றாகப் பழுத்தாலும் தோல் பச்சையாகவே நிற்கும். அந்த ஜாதிக்குப் பச்சை போய் மஞ்சள் வர குளிர்ச்சி வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் அதே பழம் மஞ்சளாகப் பளபளப்பது குளிரூட்டிய அறையில் பழுத்ததால். பெட்டிக்கடையில் தொங்கும் பச்சைத் தாரைவிட அது மேல் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. வாழைக்காய் விளைந்ததா என்று பார்க்க, காயின் பக்க விளிம்புகளைத் தடவினால் போதும். பிஞ்சில் கத்தி மாதிரி கூராக இருக்கும் விளிம்பு, விளைந்ததும் மழுங்கி, காய் உருண்டுவிடும்.

சப்போட்டாவில் நிறத்தைப் பார்ப்பதே வீண், எல்லாமே மண் நிறம்தான். நகத்தால் லேசாகக் கீறினால், உள்ளே பச்சை தெரிந்து பால் கசிந்தால் வேண்டாம். மஞ்சள் கலந்த பழுப்பாக, பால் இல்லாமல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும். சீத்தாவில் கண்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நடுவே வெளுத்த கோடு தெரிய வேண்டும்.

காதால் பார்க்க வேண்டிய பழங்கள் தனி. பண்ருட்டியில் முதல்முதலாகப் பலாப்பழம் வாங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தானே புயலுக்கு அடுத்த வருஷம் அது. 2011 டிசம்பர் 30-ம் தேதி அடித்த அந்தப் புயலில் அந்தப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தப்பித்த மரங்களின் பழம் என்று சொல்லித்தான் ரோட்டோரம் அடுக்கியிருந்தார்கள். விற்ற அம்மாளுக்கு அறுபது வயசு இருக்கும். நான் ஒரு பெரிய பழத்தைக் காட்டினேன். அவர் குனிந்து, விரித்த கையால் அதன் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினார். கட்டையைத் தட்டினது மாதிரி கெட்டியாக ஒரு சத்தம். "இது வேணாங்கண்ணு, நாலு நாளாவும்" என்று சொல்லிவிட்டு அடுத்ததைத் தட்டினார். பொதபொதவென்று, உள்ளே வெற்றிடம் இருப்பது போல, தாழ்ந்த சத்தம். என் கையைப் பிடித்து முள்ளின்மேல் வைத்து அமுக்கச் சொன்னார். முதல் பழத்தில் முள் நெருக்கமாக, குத்தியது. இதில் முள்ளுக்கு முள் இடைவெளி விட்டு, மழுங்கி, அமுக்கினால் லேசாக உள்வாங்கியது. அதற்கப்புறம் மூக்கை வைக்கவே வேண்டியிருக்கவில்லை. சின்னப் பழம்தான், ஆனால் ஒரு சுளைகூட வீணில்லை. பெரிய பழத்தை என் தலையில் கட்டியிருந்தால் அவருக்கு லாபம் கூட. அதைச் செய்யாதவர் அவர். அந்த இரண்டு சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இன்று வரை மறக்கவில்லை.

தர்பூசணியையும் தட்டுவார்கள், ஆனால் எனக்கு அதில் காது அவ்வளவு பழகவில்லை. நான் அடியைத்தான் பார்ப்பேன். தரையில் கிடந்த பக்கம் வெளுப்பாக இருந்தால் அவசரத்தில் பறித்தது, வெண்ணெய் மாதிரி மஞ்சளாக இருந்தால் கொடியில் நின்று விளைந்தது.

விளாம்பழத்துக்கு ஒரு அற்புதமான சோதனை இருக்கிறது. பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள் சந்தையில் வயசானவர்கள் செய்வதைப் பார்க்கலாம். ஒரு அடி உயரத்திலிருந்து கல்தரையில் விடுவார்கள். காய் என்றால் பந்து மாதிரி எம்பும். பழம் என்றால் தொப்பென்று விழுந்த இடத்திலேயே கிடக்கும். நன்றாகப் பழுத்துவிட்டால் சதை ஓட்டைவிட்டு விலகி, காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே உருளுவது தெரியும். புளியும் அப்படித்தான். நத்தத்தில் மாங்காய்க்கு அடுத்து புளிதான். ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அது காய். ஓடு தனி, பழம் தனி என்று ஆன பிறகுதான் உலுக்குவார்கள். பற்றில்லாமல் இருப்பவரைப் புளியம்பழமும் ஓடும் போல இருக்கிறார் என்று சொல்வது, புளி உலுக்கியவர்கள் பார்த்துச் சொன்ன சொல்.

இடையில் நிற்பதற்குக்கூட நம்மிடம் பெயர் இருக்கிறது என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை. காயுமில்லை பழமுமில்லை என்ற நிலை செங்காய். புளியங்காய் செங்காயாக இருக்கும்போது தின்பதற்குத் தனி ருசி. மாங்காயும் அப்படியே, உப்பும் மிளகாய்த்தூளும் இருந்தால் வேறெதுவும் வேண்டாம். தொடக்கத்தில் மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, வாழைக்குக் கச்சல், தென்னைக்குக் குரும்பை என்று பிஞ்சுக்கே தனித்தனிப் பெயர். பழுத்ததற்கு அப்புறமும் நிற்காது. பழுத்தது, கனிந்தது, அளிந்தது, அழுகியது என்று போகும். கனிந்ததற்கும் அளிந்ததற்கும் நடுவே மாம்பழத்துக்கு ஒரு நாள் கிடைத்தால் அதிகம். எங்கள் வீட்டில் அளிஞ்ச பழத்தைத் தூக்கிப் போட மாட்டார்கள். கையால் பிசைந்து, பாலும் வெல்லமும் சேர்த்துப் பூரிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பாள் அம்மாச்சி. என் இமாம்பசந்த் இரண்டும் அந்த நாளையும் தாண்டிப் போய்விட்டன.

ஒரே ஒரு பழைய வழியை மட்டும் நான் விட்டுவிட்டேன். அணில் கடித்த கொய்யாவும் கிளி கொத்தின மாம்பழமும்தான் ருசி என்று தேடித் தேடித் தின்றவர்கள் நாங்கள். அணிலுக்கு விளைச்சல் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்து, பழந்தின்னி வௌவால் கடித்த பழத்தைத் தொடாதீர்கள் என்று சொன்னதிலிருந்து, பல் பட்ட பழத்தை என் பெண்ணுக்கு நான் கொடுப்பதில்லை. எது அணில் பல், எது வௌவால் பல் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அணில் கடித்திருந்தால் அதே கிளையில் கடிபடாத அடுத்த காயைப் பறித்துக்கொள்ளலாம்.

இந்த வருஷம் மாமா மறுபடி பெட்டி அனுப்பினார். காயைத் துணியில் பரப்பி, தினமும் காலையில் ஒவ்வொன்றையும் கையில் எடுத்தேன். ஆறாம் நாள் ஒன்றின் காம்படியில் வாசனை கிளம்பியது. தோல் பச்சை. உள்ளங்கையில் ஏந்தி லேசாக விரலை வளைத்தபோது பழம் விரலுக்கு இடம் கொடுத்தது. அறுத்தேன். குங்குமப்பூ கரைத்த பால் மாதிரி ஒரு மஞ்சள், நாரே இல்லை. எட்டாம் நாளுக்குள் எங்கள் பங்கு முழுவதையும் முடித்தோம். இந்தத் தடவை பங்கு கொடுத்த வீடுகளுக்குப் போன் செய்து, மஞ்சளுக்குக் காத்திருக்காதீர்கள் என்று சொன்னேன்.

சீசன் கடைசியில் நீலம் வந்தது. நீலத்தின் மணம் எனக்கு எல்லா மாம்பழத்தையும்விடப் பிடிக்கும். "ஆடி பொறந்திருச்சு, கடிச்சுத் திங்காத, அறுத்துப் பாத்துத் தின்னு" என்று மாமா எச்சரித்திருந்தார். மாசில்லாத பழம் ஒன்றை எடுத்தேன். காம்படி வாசனை சரியாக இருந்தது, தோலில் ஒரு ஊசிமுனை ஓட்டைகூட இல்லை. கன்னத்தை நறுக்கினேன், சுத்தமான சதை. அடுத்த கன்னத்தை நறுக்கும்போது கொட்டையில் கத்தி பட்டு, ஒரு ஓரம் பெயர்ந்தது. உள்ளே கறுப்பாக ஒரு வண்டு.

இது வெளியிலிருந்து துளைத்து வந்ததில்லை. காய் கோலிக்குண்டு அளவு இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டையிட்டிருக்கும். புழு சதை வழியாகக் கொட்டைக்குள் போக, போன வழி காய் வளர வளர மூடிக்கொண்டிருக்கும். கொட்டையைத் தின்று வளர்ந்து, பழம் பழுத்து விழுகிற காலத்தில்தான் அது ஓட்டையிட்டு வெளியே வரும். பிறகு மரப்பட்டை இடுக்கில் ஒண்டிக்கொண்டு அடுத்த பூவுக்குக் காத்திருக்கும்.

என் பெண் பயப்படாமல் குனிந்து பார்த்தாள். வண்டு செய்தித்தாளில் இறங்கி, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு காகிதத்தின் ஓரத்தைத் தேடி மெதுவாக நடக்கத் தொடங்கியது. கொட்டையை அதோடு சேர்த்து மடித்து எடுத்துப்போட்டுவிட்டு, இரண்டு கன்னத்தையும் ஆளுக்கொன்றாகத் தின்றோம். அவ்வளவு இனிப்பு.